கிணற்றுத் தண்ணீர் தொடர்பாகச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

வெம்பக்கோட்டை அருகிலிருந்து
சித்திரை மாதத்து வெயிலில்

ஆமத்தூர் திரு. தங்கப்பாண்டியன் அவர்கள் சமூகத்துக்கு உக்கிரபாண்டி பணிவுடன் எழுதிக்கொண்டது. சம்பந்தி என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, இல்லை பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பூ வைத்த பிறகு, தேதி குறிப்பதற்கு முன்னால், வயிற்றுப்போக்குக்கு அப்புறம் ஒருவரை என்ன முறை சொல்லி அழைப்பது என்று எங்கள் பக்கத்தில் வழக்கம் எதுவும் இல்லை. அதனால் சம்பந்தி என்றே எழுதிவிடுகிறேன். பிடிக்காவிட்டால் அந்த இடத்தை மட்டும் அடித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் மாப்பிள்ளை மணிமுத்துவும், குறிப்பாக மாப்பிள்ளையின் தாய்மாமன் வெயில்முத்து அவர்களும் சோறு தண்ணீர் இறங்கி, வயிறு கட்டுப்பட்டு, நல்லபடியாக நடமாட வேண்டும் என்று குலசாமிக்கு விளக்குப் போட்டிருக்கிறோம். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வந்தது. ஆனால் நாங்கள் சுகமில்லாமல் இருந்திருக்கிறோம் என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியவந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இந்த ஆள் காகிதம் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். நான் போன் போட்டால் தாங்கள் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக ஒரு பெண்பிள்ளை சொல்லுகிறது. காலையிலும் அதையே சொல்லுகிறது, சாயங்காலமும் அதையே சொல்லுகிறது. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய வணக்கத்துக்கு நீல டிக் விழுந்துவிட்டது. வணக்கம் திரும்பி வரவில்லை. காகிதம் என்றால் பாதியில் கட் பண்ண முடியாது என்று என் வீட்டுக்காரி கற்பகவல்லி சொன்னாள். அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் வாசிக்கவும். நடந்தது எனக்கே முழுதாகப் புரியவில்லை. எழுதுகிற வாக்கில் எனக்கும் புரிந்தாலும் புரியலாம்.

தாங்கள் எல்லோரும் வேன் வைத்துப் பூ வைக்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பந்தல் சரி, பாய் சரி, கேசரி சரி. வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது முறை என்று பித்தளைக் குடத்திலிருந்து மொண்டு கற்பகவல்லி எல்லோருக்கும் தம்ளரில் கொடுத்தாள். அதுவும் சரி. வெயில்முத்து அவர்கள் ஒரு வாய் குடித்தார். குடித்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கன்னம் உப்ப அப்படியே உட்கார்ந்திருந்தார். வேண்டுதல் ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் எழுந்து போய் முற்றத்து முருங்கை மூட்டில் துப்பிவிட்டு வந்து, "என்னய்யா தண்ணி இது, மீன் தொட்டியக் களுவி ஊத்துனாப்ல இருக்கு?" என்றார். பக்கத்திலிருந்த ஒரு அம்மா, "இல்லண்ணே, மண்ணு வாசம்லா அடிக்கி" என்றார். இன்னொருவர் கோரைப்பாய் நனைந்த வாசம் என்றார். ஒரு தம்ளர் தண்ணீருக்குள் இத்தனை சாமான் இருக்க முடியுமா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. மாப்பிள்ளை மணிமுத்து மட்டும் ஒரு சொட்டு வைக்காமல் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அதை நானும் பார்த்தேன், கதவு இடுக்கு வழியாக என் மகள் அழகுமீனாவும் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் தாங்கள் போன் செய்து, வேனில் வந்தவர்களில் சிலர் வீடு போய்ச் சேர்வதற்குள் வண்டியை எங்கெங்கே நிறுத்தச் சொன்னார்கள் என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லி விவரித்தீர்கள். "குடிக்கிற தண்ணியே சரியில்லாத வீட்டுல பொண்ணு எடுக்கதான்னு எங்காளுக கேக்காக. தேதி பேச்ச கொஞ்சம் தள்ளி வைப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்துதான் அந்தப் பெண்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறது.

சம்பந்தி, எங்கள் கிணற்றைப் பற்றி நானே பெருமை பேசக்கூடாது. ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்துக்கிடக்கையில் சொந்தக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு, மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றிக் குடித்த குடும்பம் நாங்கள். தண்ணீரில் லேசாக மண் வாசம் வருகிறது என்று கற்பகவல்லி மாசி மாதமே சொன்னாள். மழை பெய்ததும் வருமே, அந்த வாசம். நான்தான், "மழையில்லாத காலத்துல மழ வாசம் வருதுன்னா கொடுத்து வெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவள் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. பெண்கள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

தங்கள் போன் வந்த பிறகு மாடியேறித் தொட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். பூனை ஏதும் விழுந்து செத்திருக்குமோ என்று சந்தேகம். தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டேன். பூனை இல்லை. எலிகூட இல்லை. தொட்டிச் சுவரில் வழுவழுவென்று பச்சை மட்டும் படிந்திருந்தது. உள்ளே இறங்கி அதில் கால் வைத்ததும் வழுக்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டால் கீழே கேட்கவில்லை. தொட்டிக்குள் என் குரல் எனக்கே இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. திறந்துவிட்ட தண்ணீர் மாடி வழியாக இறங்கிப் பந்தல்காரர் மடித்து வைத்திருந்த சமுக்காளத்தின் மேல் ஓட, அவர் தேடிக்கொண்டு மேலே வந்துதான் என்னைத் தூக்கிவிட்டார். தூக்கிவிட்டவர், "இந்தத் தண்ணியிலதான் அன்னைக்கு எனக்கும் காப்பி போட்டுக் குடுத்தீகளா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்தது கிணறு. கிணற்றை எட்டிப் பார்த்தேன். கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டதால் தினமும் மோட்டார் போடுவதோடு சரி, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால், யாரோ பச்சைப் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தது மாதிரி மேலே பளபளவென்று மிதக்கிறது. காற்றடிக்கிற பக்கத்தில் ஆடை கட்டி, ஓரத்தில் நீலமாகக்கூட இருக்கிறது. நேரே போய் என் பங்காளி பாண்டிராஜைப் பிடித்தேன். அவனுக்கும் எனக்கும் வரப்புத் தகராறு. பேசி வருஷக்கணக்கு ஆகிறது. "ஏலே, எம் பொண்ணு கல்யாணத்தக் கெடுக்கவா கெணத்துல பெயிண்ட ஊத்துன?" என்று கேட்டேன். அவன் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தான். நிதானமாக வாய் கொப்பளித்துவிட்டு, "ஒங்கெணத்துல ஊத்துத அளவுக்குப் பெயிண்டு இருந்தா நான் ஏம்லே எங்கேட்டுக்கு அடிக்காம வெச்சிருக்கேன்?" என்றான். அவன் கேட்டைப் பார்த்தேன். துருப்பிடித்துக் கிடந்தது. அவன் பேச்சில் நியாயம் இருந்தது. அப்புறம் அவனே கூட வந்து கிணற்றை எட்டிப் பார்த்தான். "இது பட்டாசு மருந்துலே. பச்சை மருந்து. தீவாளிக்குப் பச்சையா எரியும்ல, அது" என்றான்.

இவனுக்கு எப்படி இவ்வளவு தெரிகிறது என்று யோசிக்காமல் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டாசு ஆபீசுக்குப் போனேன். (எங்கள் பக்கத்தில் பட்டாசு கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம் என்பது தங்களுக்குத் தெரிந்ததே.) வாசலில் போர்மேன் நின்றார். நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர். என்னைப் பார்த்ததும் இன்ஸ்பெக்ஷன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்து, "சார், எங்கள்ட்ட எல்லாமே பசுமைப் பட்டாசுதான் சார், வேற ஒண்ணும் கிடையாது" என்றார். நான், "அதத்தான்யா கேக்கேன், ஒங்க பசுமையாலதான எங்கெணறு பச்சையாப் போச்சு?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பசுமைப் பட்டாசு என்றால் புகை குறைச்சலான பட்டாசு, நிறம் பச்சை இல்லை என்று விளக்கினார். எனக்குப் புரியவில்லை. நான் சாதாரண விவசாயி, சம்பந்தி தண்ணீரைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்கள் என்று நான் விளக்கினேன். அது அவருக்குப் புரிந்துவிட்டது. பாதி குடித்த சோடாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இங்கன இருந்து ஒரு சொட்டு வெளிய போகாது. நீங்க கெணத்துக்குப் பக்கத்துல என்ன வெச்சிருக்கீக, அதப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். கிணற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? ஒரு பக்கம் ஆட்டுக்கொட்டம், ஒரு பக்கம் யூரியா போட்டு நான் வளர்த்த மக்காச்சோளம். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்தபடியாகப் பிளீச்சிங் பவுடர் வாங்கித் தொட்டியில் போட்டேன். எவ்வளவு போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். போகிற வழியில் மறந்துவிட்டேன். குறைவாகப் போட்டுக் கேவலப்படுவானேன் என்று தாராளமாகப் போட்டேன். மீன் வாசம் போய்விட்டது. ஆனால் அழகுமீனா சிவகாசியில் பிரிண்டிங் கம்பெனிக்கு டிசைன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற நீலச் சுடிதாரைத் துவைத்தபோது, மேகம் கலைந்த வானம் மாதிரி திட்டுத்திட்டாக வந்தது. அவள் அதைக் கொடியில் விரித்துப் பார்த்தாள். போன் எடுத்துக்கொண்டு போய் யாரிடமோ பேசினாள். பிறகு என்னிடம், "அப்பா, இனிமே நீங்களா எதையும் போடாதீக. வேல்விழிட்டப் பேசிட்டேன். ஒரு பாட்டில்ல தண்ணி பிடிச்சுக் கொண்டாரச் சொன்னா" என்றாள். வேல்விழி இவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. இப்போது சிவகாசியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறது.

கிணற்றில் வாளி விட்டு, மேலே மிதந்த பச்சை ஆடையோடு மொண்டு, பெரிய ஜூஸ் பாட்டில் ஒன்றில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வெயில் படக்கூடாது, குலுங்கக்கூடாது என்று மகள் சொல்லியிருந்ததால் மடியில் வைத்துத் துண்டால் மூடிக் குழந்தையைப் போலப் பிடித்திருந்தேன். பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற ஒரு அம்மா உட்கார்ந்திருந்தது. துண்டு விலகியபோது பார்த்துவிட்டது.

"அருகம்புல் சாறாண்ணே?"

"இல்லம்மா."

"சுகருக்கு நல்லதுன்னு சொல்லுவாக. எனக்கும் இருக்கு. ஒரு மடக்குக் குடுங்க."

"அம்மா, இதக் குடிக்கக் கூடாது."

"வெறும் வயித்துலதான் குடிக்கணும், தெரியும். நான் இன்னும் சாப்பிடல."

"இது கெணத்துத் தண்ணிம்மா. கெட்டுப்போச்சு."

அந்த அம்மா என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தது. "கெட்டுப்போன தண்ணியத்தான் துண்டு போத்தி மடியில வெச்சுக் கொண்டு போறீகளாக்கும்? குடுக்க மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லணும்ணே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன் சீட்டுக்காரர் திரும்பி, "ஒரு வாய் குடுத்தா என்னய்யா கொறஞ்சா போவீரு?" என்றார். சிவகாசி வருகிற வரைக்கும் பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. அந்த அம்மா உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகக் கஞ்சன் என்ற பெயரோடு இறங்கினேன்.

கல்லூரியில் வேல்விழி அந்தத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "மாமா, நீங்களே பாருங்க" என்றது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். சம்பந்தி, நம்ப மாட்டீர்கள். பாசிமணி! திருவிழாக் கடையில் நூலில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்களே, அதே மாதிரி சரம் சரமாக. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். நடு நடுவே ஒரு மணி மட்டும் பெரிதாக. என் கிணற்றுக்குள் யாரோ உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் இத்தனை நாள் அதைக் குடித்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கோபம். இதன் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். தங்களுக்குப் புரிந்தால் எனக்கும் சொல்லவும்.

"இது நீலப்பச்சைப் பாசி மாமா" என்றது.

"நீலமா, பச்சையா?"

"ரெண்டும். ஆனா இது நெசத்துல பாசியும் கெடையாது. பாக்டீரியா."

"பாசி இல்லன்னா எதுக்கும்மா பாசின்னு பேரு?"

"மொதல்ல பாசின்னுதான் நெனச்சாங்க. பேரு நின்னுபோச்சு."

ஆளே மாறினாலும் பேர் நிற்கிறது என்பது எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் இன்னும் ஒருவரை மிலிட்டரி என்கிறார்கள். அவர் மதுரையைத் தாண்டியதில்லை. சரி, பேர் போகட்டும், காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். ஆகாது என்றது. காய்ச்சினால் கிருமி சாகும், இது விடுகிற விஷம் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கெட்டிப்படத்தான் செய்யுமாம். அப்படியானால் இதைக் கொன்றுவிடலாம் என்று, உரக்கடையில் வாங்கிப் பையில் தயாராக வைத்திருந்த மயில்துத்தத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பிள்ளை பதறிப்போய், "ஐயோ மாமா, போட்டுட்டீங்களா?" என்றது. போடவில்லை என்றதும்தான் உட்கார்ந்தது. கொன்றால் அது வெடித்து, உள்ளே வைத்திருக்கிற விஷத்தையெல்லாம் மொத்தமாகத் தண்ணீரில் விட்டுவிடுமாம். அப்படியென்றால் உயிரோடு விடவா என்றேன். விடக்கூடாது, பெருகிக்கொண்டே போகும் என்றது. உயிரோடு இருந்தாலும் தப்பு, செத்தாலும் தப்பு என்றால் மனிதன் என்னதான் செய்வான்? என் சித்தப்பா ஒருவர் இப்படி இருந்தார்; ஆனால் அவரை யாரும் குடிக்கவில்லை.

"சரிம்மா, அந்த மண் வாசம்தான் வெஷமா?"

"இல்ல மாமா. வாசம் ஒண்ணும் செய்யாது. அது வேற சமாச்சாரம். வாசம் இருந்து வெஷம் இல்லாமயும் இருக்கலாம், வாசமே இல்லாம வெஷம் இருக்கவும் செய்யலாம்."

"இதுல இருக்கா இல்லையா?"

"பாத்துச் சொல்ல முடியாது. அதுக்கு வேற டெஸ்ட் இருக்கு, வெளியூருக்கு அனுப்பணும். அது வர்ற வரைக்கும் ஒரு சொட்டுக் குடிக்காதீங்க, குளிக்கவும் வேண்டாம். வீட்டுல யாருக்காவது உடம்புக்கு முடியலையா? ஆடு மாடு ஏதும் செத்துச்சா?"

ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாசி மாதத்திலிருந்து கற்பகவல்லிக்கு அடிக்கடி வயிற்றைப் பிரட்டுகிறது. உளுந்து சேரவில்லை என்று உளுந்தை நிறுத்தினோம். அழகுமீனாவுக்கு முதுகெல்லாம் அரிப்பு. சோப்பை மாற்றினோம், மாற்றிய சோப்பையும் மாற்றினோம். எனக்கு வாய் கசப்பு. வயசு என்று விட்டுவிட்டேன். இவையெல்லாவற்றுக்கும் மேலே, கிணற்றடித் தொட்டியில் அந்த ஆடை கட்டிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்ற எங்கள் வெள்ளாட்டங்கெடா, தாங்கள் வந்துவிட்டுப் போன மறுநாள் காலையில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. வந்தவர்களில் யாரோ ஒருவருடைய கண் பட்டுவிட்டது என்று கற்பகவல்லி சொன்னாள். யாருடைய கண் என்றும் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல வேல்விழியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "இதுனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன் மாமா. ஆனா இன்னும் ரெண்டு மாசம் இதையே குடிச்சிருந்தீங்கன்னா..." என்று நிறுத்திவிட்டது. நான் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதிலேதான் சம்பந்தி என் மகளுக்குத் தினமும் சோறு பொங்கினோம்.

அன்றைக்கே மோட்டாருக்கு ஃபியூசைப் பிடுங்கினேன். அன்றைக்கு ஊர்க்குழாயில் தண்ணீர் விடுகிற நாளும் இல்லை. வீட்டில் குடிக்க ஒரு தம்ளர் இல்லை. சாயங்காலம் மாடியிலிருந்து பார்க்கிறேன், வரப்பைத் தாண்டி ஒரு நீள ஹோஸ் எங்கள் முற்றத்துக்குள் வருகிறது. அந்த முனையில் பாண்டிராஜ், தன் போர் மோட்டாரைப் போட்டுவிட்டு நிற்கிறான். "எல டேய், தொட்டிய நல்லாத் தேச்சிக் களுவிட்டு மூடி போட்டு வைய்யி. வெயில் படாம இருந்தா இந்தக் கழுத வராதாம். எம் பேத்தி போன்ல பாத்துச் சொன்னா" என்றான். நான், "வரப்பு விசயம்..." என்று ஆரம்பித்தேன். "தண்ணி புடிக்கும்போது வரப்பப் பேசாதலே" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சுத்தமான தண்ணீர்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஆட்டுக்கொட்டத்தைக் கிணற்றிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்விட்டோம். கிணற்றைச் சுற்றி யூரியா போடுவதில்லை. அந்தப் பாசி அல்லாத பாசிக்கு ஆட்டுப்புழுக்கையும் யூரியாவும் வெயிலும் அசையாத தண்ணீரும் இருந்தால் கல்யாண விருந்து மாதிரியாம். அத்தனையும் நானே பரிமாறியிருக்கிறேன். கிணற்றை எப்படி இறைத்துத் தூர் வாருவது, இறைத்த தண்ணீரை எங்கே விடுவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மாடியில் வெளிச்சம் புகாத கறுப்புத் தொட்டி, இறுக்கமான மூடியோடு. டெஸ்ட் முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் நாங்கள் குடிப்பது இப்போது பாண்டிராஜ் தண்ணீர்; கற்பகவல்லி உளுந்து வடை சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாள்.

சம்பந்தி, நான் சொல்ல வருவது இதுதான். தங்கள் ஆட்களுக்கு வந்த உபாதைக்கு எங்கள் கிணறுதான் காரணம். அதற்காகத் தங்களிடமும், முக்கியமாக வெயில்முத்து அவர்களிடமும் கை கூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் மட்டும் அன்றைக்கு அந்தத் தண்ணீரைத் துப்பாமல் இருந்திருந்தால் நாங்கள் மழை வாசம், மழை வாசம் என்று இன்னும் குடித்துக்கொண்டே இருந்திருப்போம். அந்த வகையில் அவர் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியவர். கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, அவருக்கு ஒரு வேட்டி துண்டு எடுத்து வைத்திருக்கிறோம்.

அழகுமீனா இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நேற்று நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, தண்ணி புடிக்கலன்னு போனாகளா, பொண்ணு புடிக்கலன்னு போனாகளா, அத மட்டும் கேட்டு எழுதுங்க. தண்ணின்னா சரி பண்ணிட்டோம்" என்றாள். போகிற போக்கில், "அந்தத் தம்ளரக் காலி பண்ணவருக்கு வயிறு எப்படி இருக்குன்னும் கேளுங்க" என்றாள். எழுதிவிட்டேன். முதல் கேள்விக்குத் தாங்கள் பதில் எழுதினால் போதும். இரண்டாவது கேள்விக்கு மாப்பிள்ளையே போன் செய்தால் நாங்கள் யாரும் ஒட்டுக் கேட்க மாட்டோம்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடு. சின்னவர்களுக்கு எங்கள் ஆசி. தங்கள் வீட்டு அடுப்பும் தொட்டியும் நிறைந்து, தண்ணீர் தெளிந்து, பிள்ளைகள் பேரோடு வாழ வெயிலுகந்தம்மன் துணை இருப்பாள்.

இப்படிக்கு,
எப்போதும் தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
உக்கிரபாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் கற்பகவல்லியிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்கிற இடம் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு சொல்லுகிறாள்: "அவுகளுக்கு நான் எங்க நம்ம கெணத்துத் தண்ணியக் குடுத்தேன்? எனக்குத்தான் மாசியில இருந்தே அந்த வாடை புடிக்கலையே. சொன்னா நீங்க மழ வாசம்பீக. வாரவுக மொகஞ் சுளிச்சிரக் கூடாதுன்னு, ஒங்களுக்குத் தெரியாம முக்குக் கடையில கேன் தண்ணி வாங்கிப் பித்தளக் கொடத்துல ஊத்தி வெச்சேன். நீங்க வய்வீகன்னு இம்புட்டு நாளாச் சொல்லல." விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த காலிக் கேனை எடுத்து வந்து காட்டினாள். அடியில் பச்சையாகப் படிந்திருக்கிறது. அந்தக் கடைக்காரர் கேன்களை நாள் முழுக்க வெயிலில்தான் அடுக்கி வைத்திருக்கிறார். ஆக, எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் நாங்கள் மட்டுமே. தாங்கள் குடித்தது வேறு தண்ணீர். ஆகவே நான் மேலே கேட்ட மன்னிப்பு யாருக்குச் சேர வேண்டியது என்று தெரியவில்லை. அதோடு முடிந்திருந்தால்கூடக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருப்பேன். ஆனால் கேனில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில், 'தாயன்போடு தரும் தூய குடிநீர்' என்ற எழுத்துக்குக் கீழே, கை கூப்பிச் சிரித்துக்கொண்டு வெயில்முத்து அவர்கள் படம் இருக்கிறது. அவர் இந்தத் தொழிலும் செய்கிறார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்ன செய்வது என்று கற்பகவல்லியைக் கேட்டேன். "எழுதுன மன்னிப்பு எழுதுனதாவே இருக்கட்டும், நாம பொண்ணக் குடுக்கிறவுக. ஆனா இதையும் அடியில எழுதிருங்க" என்றாள். எழுதிவிட்டேன். தாலி கட்டி முடிகிற வரைக்கும் இந்தப் பின்குறிப்பை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். தாய்மாமன் கோபித்துக்கொண்டால் மாலை எடுத்துக் கொடுக்க ஆளிருக்காது. கல்யாணப் பந்திக்குத் தண்ணீர் என் பொறுப்பு என்று அவராக முன்வந்தால் மட்டும், பொண்ணு வீட்டில் பாண்டிராஜிடம் சொல்லி ஹோஸ் போட்டாயிற்று என்று சொல்லிவிடவும்.